1961 டாப்ஸ் செட்ல 426-ம் நம்பர் கார்டு எங்க போச்சு?

கேள்வி இதுதான்: ஒருத்தர் எஸ்டேட் சேல்ல (ஒரு வீட்டுச் சாமானையெல்லாம் மொத்தமா விக்கற இடம்) 1961 டாப்ஸ் பேஸ்பால் கார்டு செட் ஒண்ணு, அதாவது டாப்ஸ்ங்கற அமெரிக்க கம்பெனி ஆட்டக்காரங்க படம் அடிச்சு நம்பர் போட்டு விட்ட கார்டுகள், ஃபுல் செட்னு சொன்னதை நம்பி வாங்கியிருக்கார். வீட்டுக்கு வந்து நம்பர் வரிசையா அடுக்கிப் பாத்தா 426 இல்ல, 587 இல்ல, 588 இல்ல. 463 மட்டும் ரெண்டு இருக்கு, அதுவும் ரெண்டும் வேற வேற கார்டு. ஏமாந்துட்டேனா, மிச்ச மூணையும் எங்க வாங்கறதுன்னு கேக்கறார்.

ஏமாறலைங்க. உங்ககிட்ட இருக்கறது முழு செட்தான், அந்த மூணு நம்பர்லயும் டாப்ஸ் கார்டே போடல. கடைசி நம்பர் 589, அதுல மூணு கழிச்சு ரெண்டாவது 463க்கு ஒண்ணு கூட்டினா 587 வருதா, 1961 டாப்ஸ் முழு செட்னா 587 கார்டு. யாராவது 426 என்கிட்ட இருக்குன்னு விலை பேசினா அங்க நிக்காதீங்க. எனக்கு நியூஜெர்சில ஒரு கார்டு ஷோல அது நடந்துச்சு, நான் இதுல புதுசா இறங்கின சமயம். டேபிள் போட்டிருந்த ஒருத்தர் என் லிஸ்ட்டைப் பாத்துட்டு "426 ரொம்ப ரேர், அட்வான்ஸ் குடு, தேடித் தரேன்"னார். நானும் குடுத்துட்டு வந்துட்டேன், அப்புறம் ரெண்டு மாசம் அவர் ஃபோனே எடுக்கல. அதனாலதான் இதை யாரு கேட்டாலும் நீட்டி பதில் எழுதறேன்.

மொதல்ல அந்த 463. ஒண்ணு பால்டிமோர் ஓரியோல்ஸ் பிட்சர் ஜாக் ஃபிஷர், இன்னொண்ணு மில்வாக்கி பிரேவ்ஸ் டீம் கார்டு. டீம் கார்டுக்குத்தான் 426 போட்டிருக்கணும், பின்பக்கம் செட் பண்ணும்போது நம்பர் மாறிப்போச்சு, யாரும் திருத்தவும் இல்ல. சும்மா ஒரு தகவல், இந்த ஃபிஷர் சாதாரண ஆள் இல்ல. 1960 செப்டம்பர்ல டெட் வில்லியம்ஸ் தன்னோட கடைசி ஹோம் ரன்னை அடிச்சது இவர் போட்ட பால்லதான், அடுத்த வருஷம் ராஜர் மேரிஸோட 60-வது ஹோம் ரன்னும் இவர் பால்லதான். அதனால அந்தக் கார்டை டூப்ளிகேட்னு நினைச்சு யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க.

587, 588 கதை இவ்வளவு லேசு இல்ல, அதைக் கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஓட்டையெல்லாம் எப்படி விழுதுன்னு தெரியணும், அது தெரிஞ்சா பாதி மர்மம் தானாவே போயிடும்.

கார்டை தனித்தனியா அச்சடிக்கறது இல்ல. பெரிய அட்டை ஷீட்ல வரிசை வரிசையா அடிச்சு அப்புறம் வெட்டுவாங்க. ஷீட்ல எத்தனை கட்டம் இருக்கோ அத்தனையும் நிரப்பியாகணும், காலியா விட்டா அட்டை வேஸ்ட். இப்ப 1952 டாப்ஸை எடுங்க. கடைசி சீரிஸ், அதாவது செட்ல கடைசியா விட்ட பகுதி, 311ல ஆரம்பிச்சு 407ல முடியுது, எண்ணினா 97 கார்டு. ஷீட்ல 100 கட்டம். மிச்சம் மூணு கட்டத்துல என்ன பண்றது? 311, 312, 313 மூணையும் ரெண்டு தடவை போட்டுட்டாங்க. 312 ஜாக்கி ராபின்சன், 313 பாபி தாம்சன். 311 யாருன்னா மிக்கி மேன்டில், அதே கார்டு ஒண்ணுதான் 2022ல 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போச்சு. அதாவது அந்த சீரிஸ்ல மத்த 94 கார்டை விட மேன்டில் ரெண்டு மடங்கு அடிச்சாங்க! அவரோட கார்டு அவர் சீரிஸ்லயே கம்மியா கிடைக்கற கார்டு இல்ல, விலை ஏறினது பேருக்கும் டிமாண்டுக்கும்தான்.

இன்னும் கிட்டப் போய்ப் பாக்கலாம். ரெண்டு கட்டத்துல போட்டாங்கன்னேன்ல, ஒரே படத்தை ரெண்டு தடவை ஒட்டல, தனித்தனியா செட் பண்ணியிருக்காங்க. பின்பக்கம் நம்பருக்குப் பின்னாடி ஒரு பேஸ்பால் வரைஞ்சிருக்கும், அதுல தையல் ஒரு மேன்டில்ல இடது பக்கமா திரும்பியிருக்கும், இன்னொண்ணுல வலது பக்கமா. ராபின்சனுக்கும் தாம்சனுக்கும்கூட அப்படித்தான். அதனால ஒரே கார்டுல டைப் 1, டைப் 2னு ரெண்டு ஜாதி இருக்கு, லென்ஸ் வெச்சுப் பாக்கற பழக்கம் எனக்கு ஒட்டிக்கிட்டதே இந்தத் தையலாலதான்.

அந்தக் கடைசி சீரிஸ் மொத்தமாவே மத்த சீரிஸை விட ஏன் கம்மியா இருக்குங்கறதுக்கும் நேரான காரணம் உண்டு. அந்தக் காலத்துல செட்டை ஒரே நேரத்துல விட மாட்டாங்க, சீசன் முழுக்க சீரிஸ் சீரிஸா விடுவாங்க. கடைசி சீரிஸ் கடைக்கு வரும்போது ஸ்கூல் திறந்திருக்கும், பசங்க ஃபுட்பாலுக்குப் போயிருப்பாங்க, கடைக்காரங்க வாங்க மாட்டாங்க. விக்காம குடோன்ல கிடந்த 1952 கார்டுகளை 1960ல படகுல ஏத்தி நியூஜெர்சி கரைக்கு அப்பால அட்லாண்டிக்ல கொட்டினதா டாப்ஸ்ல அந்த செட்டை உருவாக்கின சை பெர்கரே சொல்லியிருக்கார். கேக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

ஷீட் கணக்குக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் 1933 கவுடி. பாஸ்டன் கம்பெனி, பபுள்கம் பாக்கெட்டோட கார்டு வெச்சு வித்தாங்க. செட் 240 கார்டு, ஆனா 1933ல வெளில வந்தது 239தான். 106-ம் நம்பர் வரவே இல்ல. பத்து ஷீட், ஷீட்டுக்கு 24 கார்டு, மொத்தம் 240 கட்டம். 239 கார்டை வெச்சு 240 கட்டத்தை எப்படி நிரப்பினாங்க? 144-ம் நம்பரை ரெண்டு தடவை அடிச்சாங்க. அது அந்தக் காலத்தோட பெரிய ஸ்டார் பேப் ரூத். ரூத்துக்கு அந்த ஒரே செட்ல 53, 144, 149, 181னு நாலு நம்பர் இருக்கு, அதுல ஒண்ணை டபுள் வேற. இப்ப பசங்க நிலைமையை யோசிங்க, 106 எங்கயோ ஒரு பாக்கெட்ல இருக்கும்னு நம்பி காசு காசா பபுள்கம் வாங்கிட்டே இருந்திருப்பாங்க. வேணும்னே அந்த நம்பரை விட்டுட்டாங்கன்னுதான் கலெக்டர்கள்ல பெரும்பாலானவங்க சொல்றாங்க, நானும் அப்படித்தான் நினைக்கறேன், ஏன்னா 144ஐ ரெண்டாவது தடவை போட்ட கட்டத்துல 106ஐ வைக்க எந்தத் தடையும் இல்ல.

கம்பெனிக்கு லெட்டர் போட்டுக் கேட்டவங்களுக்கு 1934ல 106-ம் கார்டை அச்சடிச்சு தபால்ல அனுப்பினாங்க. லெட்டரோட சேத்து பேப்பர் கிளிப் குத்தி அனுப்பினதால, இன்னிக்கும் தப்பிப் பிழைச்சிருக்கற பல கார்டுகள்ல ஓரத்துல அந்தக் கிளிப் தடம் இருக்கும். வேற கார்டுல அப்படி ஒரு தடம் இருந்தா விலை பாதியாகும், இந்தக் கார்டுல மட்டும் அதைப் பாத்தா எனக்கு ஒரு சந்தோஷம், யாரோ ஒரு பையன் உக்காந்து லெட்டர் எழுதி பதில் வாங்கியிருக்கான்னு அது சொல்லுது. ஆனா விளங்காத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தக் கார்டுக்கு அவங்க தேர்ந்தெடுத்த ஆள் நாப் லாஜோய். பெரிய பிளேயர்தான், சந்தேகமே இல்ல, ஆனா 1916லயே ஆட்டத்தை விட்டவர். அப்ப ஆடிட்டிருந்த, பசங்களோட ஹீரோ யாரையாவது போடாம, பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி ரிட்டயர் ஆனவரை ஏன் போட்டாங்கங்கறதுக்கு கம்பெனி தரப்புல ஒரு வரி பதிலும் இல்ல.

அடுத்த காரணம் கான்ட்ராக்ட். 1950கள்ல டாப்ஸும் போமன்ங்கற போட்டி கார்டு கம்பெனியும் ஒரே பிளேயருக்கு சண்டை போட்டுக்கிட்டாங்க. 1954 போமன்ல 66-ம் நம்பர் டெட் வில்லியம்ஸ், அச்சடிச்சு பாக்கெட்ல போக ஆரம்பிச்சாச்சு, ஆனா வில்லியம்ஸ் டாப்ஸோட கையெழுத்து போட்டிருந்தார். போமன் அதை எடுத்துட்டு அதே 66ல ஜிம்மி பியர்சாலைப் போட்டாங்க. பியர்சாலுக்கு ஏற்கனவே அதே செட்ல 210 இருக்கு, அதனால அவருக்கு ரெண்டு நம்பர், 66க்கு ரெண்டு ஆள். அதே வருஷம் டாப்ஸ் என்ன பண்ணாங்கன்னு பாருங்க, 250 கார்டு செட்ல ஒண்ணாம் நம்பரும் வில்லியம்ஸ், 250-ம் நம்பரும் வில்லியம்ஸ். இது தப்பு இல்ல, எதிராளி முன்னாடி மீசை முறுக்கறதுதான்.

அதே சண்டையோட நிழல்தான் 1953 டாப்ஸ்லயும் 1955 டாப்ஸ்லயும் விழுந்திருக்கு. 53ல நம்பர் 280 வரைக்கும் போகும், ஆனா 253, 261, 267, 268, 271, 275 கிடையாது, அதனால 274 கார்டு. 55ல 210 வரைக்கும் நம்பர், 175, 186, 203, 209 கிடையாது, 206 கார்டு. 55ல அந்த நாலு காலி கட்டத்தை நிரப்ப கடைசி சீரிஸ்ல நாலு கார்டை டபுளா அடிச்சாங்க, இதுவும் கவுடி கணக்கேதான். கடைசி நிமிஷத்துல ஆளுங்களை இழுத்துட்டாங்கங்கறது பொருத்தமான விளக்கம், ஆனா எந்த நம்பர்ல யார் வரவேண்டியிருந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒரு பேர் சொல்லுவாங்க, நான் அதுல எதையும் எடுத்துக்கறது இல்ல.

1958 டாப்ஸ் 145 மட்டும் பளிச்சுன்னு தெரியும். ஃபிலடெல்ஃபியா பிலீஸ் வீரர் எட் பூஷேவுக்கு வெச்ச நம்பர், அவர் சஸ்பென்ஷன்ல இருந்ததால கார்டை நிறுத்திட்டாங்க. 495 நம்பர், 494 கார்டு.

1974 டாப்ஸ் பத்தி ஒரு வார்த்தை. சான் டியேகோ பாட்ரேஸ் டீம் வாஷிங்டனுக்குப் போகப்போகுதுன்னு எல்லாரும் நம்பினாங்க, புது டீமுக்கு பேர்கூட வைக்கல, அதனால டாப்ஸ் கார்டுல சான் டியேகோ இருக்கவேண்டிய இடத்துல வாஷிங்டன்னும், டீம் பேர் இருக்கவேண்டிய இடத்துல வெறும் நேஷனல் லீக்னும் (பேஸ்பால்ல இருக்கற ரெண்டு பெரிய லீக்ல ஒண்ணு, இன்னொண்ணு அமெரிக்கன் லீக்) அடிச்சுட்டாங்க. அப்புறம் மெக்டொனால்ட்ஸ் ரே க்ராக் டீமை வாங்கி சான் டியேகோலயே வெச்சுட்டார். வில்லி மெக்கோவி மாதிரி ஆளுங்களோட கார்டு இப்படி ரெண்டு விதமா இருக்கு, ஆடவே ஆடாத ஒரு டீமோட கார்டு ஒண்ணு, நிஜ டீமோட கார்டு ஒண்ணு.

படம் மாறிப்போன கேஸ்கள் தனி ரகம். 1957 டாப்ஸ் ஹேங்க் ஆரோன் 20-ம் நம்பர் கார்டைக் கையில வெச்சுப் பாத்தா, வலது கைக்காரர் இடது கை ஆட்டக்காரர் மாதிரி நிப்பார். நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்காங்க, சட்டைல இருக்கற 44ஐப் பாருங்க, கண்ணாடில தெரியற மாதிரி இடம் வலமா திரும்பியிருக்கும். அதுக்கு முந்தின வருஷம் அதே ஆரோன் கார்டுல ஹோம் பிளேட்டுக்கு சறுக்கிட்டு வர்ற சின்னப் படம் ஆரோனே இல்ல, வில்லி மேஸ், மேல பிரேவ்ஸ் யூனிஃபார்ம் பெயின்ட் பண்ணியிருக்காங்க. 1969ல ஆரீலியோ ரோட்ரிகெஸ் கார்டுல இருக்கறது அவர் இல்ல, டீமுக்கு பேட் எடுத்துக் குடுக்கற பையன். 1959ல பிரேவ்ஸோட வலது கை பிட்சர் லூ பர்டெட் வேணும்னே கிளவுஸை வலது கைல மாட்டி இடது கைக்காரர் மாதிரி போஸ் குடுத்தார், ஃபோட்டோகிராஃபருக்கும் தெரியல, எடிட்டருக்கும் தெரியல. இதெல்லாம் ரசிக்கலாம், இதுல மர்மம் ஒண்ணும் இல்ல.

எனக்கு நிஜமா தூக்கம் கெடற செட் டி206. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909லருந்து 1911 வரைக்கும் சிகரெட் பாக்கெட்ல வெச்சுக் குடுத்தது, 500க்கு மேல கார்டு, நம்பரே கிடையாது, பின்பக்கம் பல புகையிலை பிராண்டுகளோட விளம்பரம். டி206ங்கற பேரே பின்னாடி ஜெஃபர்சன் பர்டிக் தன்னோட கேட்டலாக்ல வெச்சதுதான். ஹோனஸ் வாக்னர் கதை எல்லாருக்கும் தெரியும், தன் படம் வேண்டாம்னு அவர் நிறுத்தச் சொன்னார், 2022ல ஒண்ணு 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போச்சு. ஷெரி மகீ பேரை எழுத்து மாத்தி அடிச்சு உடனே திருத்தினது, அதுவும் புரியுது. ஜோ டாயில் அமெரிக்கன் லீக் நியூயார்க் டீம்ல இருந்தவர், அவரை நேஷனல் லீக்ல ஆடின லாரி டாயிலோட குழப்பிக்கிட்டு டீம் பேருல நேஷனல்னு போட்டு, உடனே அழிச்சுட்டாங்க. அந்தத் தப்பு கார்டு விரல் விட்டு எண்ணற அளவுதான் இருக்கு, ஆனா எப்படி நடந்துச்சுன்னு பாத்தவுடனே புரியுது.

எடி பிளாங்க்ங்கற பிட்சரோட கார்டு ஏன் அவ்வளவு அபூர்வம்? அச்சுக் கல் (அப்ப படத்தைக் கல்லுல ஏத்திதான் அச்சடிப்பாங்க) உடைஞ்சுபோச்சுன்னு ஒரு கதை ரொம்ப வருஷமா ஓடுது. ஆனா பிளாங்க் கார்டு ஸ்வீட் கேப்ரல்ங்கற பிராண்டோட பின்பக்கத்துல முதல்ல வந்த 150 சீரிஸ்லயும் இருக்கு, அடுத்து வந்த 350 சீரிஸ்லயும் இருக்கு. முதல் சீரிஸ்ல கல் உடைஞ்சிருந்தா ரெண்டாவதுல எப்படி வந்தார்? ரெண்டாவதுல உடைஞ்சுதுன்னா முதல் சீரிஸ் பிளாங்க் கார்டு மத்த ஆளுங்க அளவுக்கு நிறைய இருக்கணுமே, அதுவும் இல்ல. கல் கதை எந்தப் பக்கம் திருப்பினாலும் நிக்கல.

அதைவிடப் பெரிய மர்மம் ரே டெமிட், பில் ஓஹாரா ரெண்டு பேர் கார்டு. ரெண்டு பேரும் நியூயார்க் டீம்கள்லருந்து 1910ல செயின்ட் லூயிஸ் டீம்களுக்கு மாறினாங்க, டெமிட் பிரவுன்ஸுக்கு, ஓஹாரா கார்டினல்ஸுக்கு. கார்டுலயும் டீமை மாத்தினாங்க, சரி. ஆனா மாத்தின அந்த செயின்ட் லூயிஸ் கார்டு ரெண்டும் போலார் பேர்ங்கற ஒரே ஒரு பிராண்டோட பின்பக்கத்துலதான் கிடைக்குது. மத்த எந்த பிராண்ட்லயும் கிடையாது. ஒரே கம்பெனி, அதே படம், பிராண்டுக்கு பிராண்ட் பின்பக்கம்தான் மாறணும், இந்த ரெண்டு பேருக்கு மட்டும் ஏன் இப்படி? நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, கணக்குக்கு ஒத்துவர்ற பதிலை நான் இன்னும் பாக்கல. போலார் பேர் சிகரெட் இல்ல, பையில வர்ற நறுக்கின புகையிலை, கார்டு அந்தப் புகையிலைக்குள்ளயே புதைஞ்சு கிடக்கும். என்கிட்ட அந்தப் பின்பக்கத்தோட சாதாரண கார்டு ஒண்ணு இருக்கு, ஒரு மூலை பூரா டீக்கறை மாதிரி பழுப்பா ஊறியிருக்கு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா கறையோட ஓரத்துல புகையிலைத் துணுக்கு ஒட்டியிருந்த தடம்கூட தெரியும். ஒவ்வொரு தடவையும் அதை எடுக்கும்போது அந்த டெமிட், ஓஹாரா ஞாபகம்தான் வருது.

சரி, உங்க 587, 588. இதுக்கும் டாப்ஸ் விளக்கம் சொன்னது இல்ல, ஆனா நான் கவனிச்சதைச் சொல்றேன். 61 செட்டோட கடைசிப் பகுதி ஆல் ஸ்டார் கார்டுகள், அதாவது ரெண்டு லீக்லயும் சிறந்தவங்கன்னு தேர்ந்தெடுத்த ஆளுங்க. அதை வரிசையா அடுக்கிப் பாருங்க: 576 மேரிஸ், 577 ஆரோன், 578 மேன்டில், 579 மேஸ். இரட்டைப்படைல அமெரிக்கன் லீக் ஆள், அடுத்த ஒத்தைப்படைல நேஷனல் லீக் ஆள், ஜோடி ஜோடியா போகுது. 586 வொயிட்டி ஃபோர்ட், அமெரிக்கன் லீக்கோட இடது கை பிட்சர். அவருக்கு ஜோடியா 587ல வரவேண்டியது நேஷனல் லீக்கோட இடது கை பிட்சர் வாரன் ஸ்பான். ஸ்பான் கார்டு இருக்கு, ஆனா அதுல அடிச்சிருக்கற நம்பர் 589. அதனால என் ஊகம், ஃபோர்டுக்கும் ஸ்பானுக்கும் நடுவுல ரெண்டு கார்டு போடத் திட்டம் இருந்து, நம்பர் குடுத்த அப்புறம் அது ரெண்டும் நின்னுபோயிருக்கு. யாரு அந்த ரெண்டு பேர்னு பேர் சொல்லி யாராவது ஆதாரம் இல்லாம எழுதினா நம்பாதீங்க, இது என் ஊகம்ங்கறதையும் மறக்காதீங்க.

ஆல்பத்துல வைக்கறதுக்கு ஒரு யோசனை. ஒன்பது பாக்கெட் பேஜ் வாங்குங்க, பிரேவ்ஸ் டீம் கார்டை அது இருக்கவேண்டிய 426 இடத்துல வெச்சுடுங்க, ஃபிஷர் 463லயே இருக்கட்டும். அப்படி வெச்சா முழுசா 65 பேஜ் நிரம்பும், 66-வது பேஜ்ல ரெண்டே ரெண்டு கார்டு வரும், ஃபோர்டும் ஸ்பானும் பக்கத்துல பக்கத்துல. நடுவுல இடம் விட வேண்டாம்.